மீள நிகழ்த்தலும் மலையக மக்கள் கலையும்: மஸ்கெலியாவை முன்னிறுத்திய ஒரு நோக்கு

கலை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் மூலவர்களையே தேடிச் செல்வர். ஒரு பாடலை முதன்முதற் பாடியவர் யார், ஒரு கூத்தை முதன்முதல் யாத்தவர் யார் என்பனவே அவர்தம் வினாக்களாக அமைகின்றன. அப்பாடலை நூறாம் முறையாகப் பாடியவரைப் பற்றி அவர்கள் அக்கறை கொள்வதில்லை. அவர் 'பிரதி' என்றோ 'போலி' என்றோ ஒதுக்கப்படுகின்றார். ஆயின், உழைக்கும் மக்களின் இசைவாழ்வில் மிகப் பெரும்பகுதி இந்த நூறாம் முறைப் பாடகரையே நம்பி நின்றிருக்கிறது. மலையகத் தோட்டப்புற மக்களின் கலை வரலாற்றை, சிறப்பாக மஸ்கெலியாப் பிரதேசத்தை மனத்திற் கொண்டு, இவ்வுண்மையை விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மேலைத்தேயத்து மீளிசைக் குழுக்கள்

ஆய்வுக்கு வசதியாக முதலில் ஒரு வெளிநாட்டு உதாரணத்தை நோக்குவோம். மேற்கு நாடுகளில் கடந்த சில தசாப்தங்களாக ஒரு வகை இசைக்குழு பெருகியுள்ளது. புகழ்பெற்ற றொக் இசைக்குழு ஒன்றின் பாடல்களை மட்டுமன்றி, அதன் மேடை நிகழ்ச்சியையே, உடை, ஒளியமைப்பு, வாத்தியங்கள், பாடகரின் அங்க அசைவுகள் ஆகிய அனைத்துடனும் மீளவும் நிகழ்த்திக் காட்டுவதே இக்குழுக்களின் தொழில். இவற்றை நாம் மீளிசைக் குழுக்கள் என அழைக்கலாம்.

பீற்றில்ஸ் குழுவினர் கட்டணம் பெற்று நடத்திய தம் இறுதி இசைநிகழ்ச்சியை 1966 ஓகஸ்ட் 29ஆந் திகதி சான்பிரான்சிஸ்கோ நகரில் வழங்கினர். அதன்பின் அவர்கள் வெளியிட்ட இசைத்தட்டுகளின் பாடல்களிற் பெரும்பாலானவற்றை அவர்கள் மேடையிற் பாடவேயில்லை. 1980இல் இங்கிலாந்தில் உருவான 'பூட்லெக் பீற்றில்ஸ்' என்னும் மீளிசைக் குழு அப்பாடல்களையும் மேடையேற்றியது. அதாவது, நடந்ததை மட்டுமன்றி, நடந்திருக்க வேண்டும் எனச் சுவைஞர் ஏங்கியதையும் அக்குழு நிகழ்த்திக் காட்டியது. கனடாவின் மொன்றியல் நகரில் 1993இல் தோன்றிய 'மியூசிக்கல் பொக்ஸ்' குழு, ஜெனெசிஸ் குழுவின் 1970களின் முற்பகுதி நிகழ்ச்சிகளை நுணுக்கமாக மீட்டுருவாக்கியது. சிக்காகோவில் 1997இல் அமைந்த 'டார்க் ஸ்டார் ஓர்கெஸ்ட்ரா', கிரேட்புல் டெட் குழு ஒரு குறித்த நாளிற் பாடிய பாடல்களை அதே வரிசையிற் பாடும் வழக்கத்தை மேற்கொண்டது.

இவற்றிலிருந்து நாம் பெறத்தக்க முடிபுகள் இரண்டு. முதலாவது, மீள நிகழ்த்தலுக்கு நிகழ்த்துநர் மட்டும் போதார். மூலத்தை நன்கறிந்த, பிழை நேரின் உடன் கண்டுபிடிக்கத்தக்க சுவைஞர் கூட்டம் ஒன்று அதற்கு வேண்டும். இரண்டாவது, மூலக்குழு கலைந்தபின்னும் உறுப்பினர் மறைந்தபின்னும் எஞ்சும் வெற்றிடமே இக்கலையின் தோற்றுவாயாகும். இழப்பு இல்லாதவிடத்து மீட்பு இல்லை. இவ்விரு முடிபுகளையும் கையிற் கொண்டே நாம் மலையகத்துக்குத் திரும்புகின்றோம்.

2. மாசி மாதமும் காமன் கூத்தும்

இலங்கையில் 1867இல் லூல்கந்துரவில் வர்த்தகரீதியான தேயிலைச் செய்கை தொடங்கியது. அதற்கு முன்னரே கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோரும், பின்னர் தேயிலைக்காக வந்தோருமான தொழிலாளர் திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களைச் சேர்ந்தோராவர். அவர்கள் கொண்டுவந்த பொருள்கள் சொற்பம். நிலமோ ஏடோ அவர்களிடம் இருக்கவில்லை. உடலிலும் தொண்டையிலும் சுமந்து வந்த கலைகள் மட்டுமே அவர்களிடமிருந்து எவராலும் பறிக்கமுடியாத உடைமைகளாக இருந்தன.

அவற்றுள் தலையாயது காமன் கூத்து. மாசி மாதத்திற் பிறை கண்டபின் காமன் கம்பம் ஊன்றப்படும். அன்றுதொட்டு ரதி மன்மதன் கதை இரவுகளிற் பாடியும் ஆடியும் நிகழ்த்தப்படும். சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதன், தடுத்து மன்றாடும் ரதி, நெற்றிக்கண்ணால் நிகழும் தகனம், ரதியின் புலம்பல், ஈற்றில் மன்மதன் உயிர்த்தெழுதல் என்பன இதன் கட்டங்கள். ஆடவரே ரதி வேடம் பூணுதல் மரபு. தப்பே முதன்மை வாத்தியம். கதையின் முடிவை அறியாதார் கூட்டத்தில் எவருமிலர். எனினும் ஆண்டுதோறும் தகனத்தின்போது பெண்கள் கண்ணீர் வடிப்பர்.

இங்கே மூலக்குழு எது? காவிரிக் கரையின் ஏதோவொரு கிராமத்தில் முதலிற் பாடியவர் எவர்? இவ்வினாக்களுக்கு விடையில்லை, விடை தேவையுமில்லை. தோட்டத்துக் காமன் குழு மீட்டுருவாக்குவது ஒரு தனிமனிதனின் புகழையன்று. கடல் கடந்து வருமுன் தம் பாட்டன் கண்ட ஓரிரவை. அந்த இரவைப் 'பிழையின்றி' நிகழ்த்தவேண்டும் என்னும் கண்டிப்பு இவர்களிடமும் உண்டு. பாடலின் ஓரடி தவறினால் முன்வரிசையிலிருக்கும் முதியவர் திருத்துவார். மொன்றியல் மேடையின் நுணுக்கத்துக்கும் இலயத்து முற்றத்தின் நுணுக்கத்துக்கும் அடிப்படை ஒன்றே: மூலத்தை அறிந்த சபை.

ஆயின் வேறுபாடும் கவனிக்கத்தக்கது. மேலைநாட்டுச் சுவைஞர் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்ப்பவர். காமன் கூத்தின் சபையினர் விரதமிருப்பவர், காமனுக்கு நேர்த்தி வைப்பவர், வேடக்காரருக்கு உணவளிப்பவர். நிகழ்த்துவோரும் காண்போரும் மறுநாட் காலை ஒரே பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டியவர்கள். தோட்டத்தில் ஆண்டு முழுவதும் பிரட்டுக்கு அழைத்த அதே தப்பு, மாசியிற் காமனுக்காக முழங்குகிறது. வேலைக்கு விரட்டிய ஓசையைத் தமக்குரிய ஓசையாக ஆக்கிக்கொள்ளும் இம்மாற்றத்தை வெறும் பொழுதுபோக்கு என எவ்வாறு கூறலாம்?

3. அறிந்த மெட்டும் அறியாத செய்தியும்

மீள நிகழ்த்தல் பழமையைப் பேணுவதோடு நின்றுவிடவில்லை என்பதற்கு அட்டன் நகரின் வரலாறே சான்று. கோ. நடேசய்யர் 1930களின் தொடக்கத்தில் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் அமைத்து அட்டனைத் தளமாகக் கொண்டு இயங்கினார். 1936 முதல் அரசாங்க சபையில் அட்டன் தொகுதியின் உறுப்பினராக இருந்தார். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களிற் பாரதி பாடல்களைப் பாடியதோடு, தொழிலாளரின் நிலையை விளக்கும் பாடல்களைத் தாமே இயற்றி 1940இல் சிறுநூலாகவும் வெளியிட்டார். மக்கள் ஏற்கெனவே அறிந்து விரும்பிய மெட்டுக்களே அவருக்குக் கைகொடுத்தன.

இவ்வுத்தியின் பயனைச் சற்று எண்ணிப் பார்த்தல் தகும். எழுத்தறிவு பெரும்பாலார்க்கு மறுக்கப்பட்டிருந்த காலம் அது. துண்டுப்பிரசுரம் வாசிக்கப்படாமற் போகலாம். வெளியார் தோட்டத்துட் புகுந்து பேசுவதற்கும் தடையிருந்தது. ஆனால் தெரிந்த மெட்டில் அமைந்த பாடல் ஒருமுறை கேட்டாற் போதும். கொழுந்து மலையெங்கும் பரவிவிடும். மெட்டு பழையதாக இருந்தமையே செய்தி புதியதாக இருப்பதற்கு வழிவிட்டது.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இதே அனுபவம் நிகழ்ந்தது. கேரளத்தின் தேவிகுளம் தொகுதி தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் செறிந்து வாழும் பகுதி. அங்கு 1958இல் நடந்த இடைத்தேர்தலிற் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் றோசம்மா புன்னூஸ் அவர்களுக்காகப் பாவலர் வரதராசன் தோட்டந்தோட்டமாகச் சென்று பாடினார். சினிமா மெட்டுக்களுக்குப் புதிய சொற்களை இட்டுப் பாடுதல் அவருக்குக் கைவந்த கலை. அவர்தம் தம்பியருள் ஒருவரே, 1976இல் அன்னக்கிளி திரைப்படத்தின் மூலம் இசையமைப்பாளராக அறிமுகமான இளையராசா. தமிழ்த் திரையிசையின் பெரும் மாற்றமொன்று, பிறர் மெட்டை மீளப் பாடிய ஒரு மேடைக்குழுவின் பயிற்சியிலிருந்து முளைத்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

4. வானொலியும் மெல்லிசைக் குழுக்களும்

இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் ஆரம்பமாயிற்று. இந்தியாவில் 1952இன் பின் அகில இந்திய வானொலி திரையிசைக்கு இடங்கொடாது ஒதுக்கியமையும், 1957இலேயே விவிதபாரதி தோன்றியமையும் இலங்கை வானொலிக்குப் பெரும் வாய்ப்பாயின. கொழும்பிலிருந்து ஒலித்த தமிழ்த் திரைப்பாடல்களுக்குத் தமிழகம் எங்கும் நேயர் இருந்தனர். மலையகத்தின் இலயங்களோ அவ்வொலிக்கு இன்னும் அண்மையில் இருந்தன.

இதன் விளைவாகத் தோட்டங்களிலும் நகரங்களிலும் மெல்லிசைக் குழுக்கள் எழுந்தன. ஆர்மோனியமும் டோலக்கும் கொண்டு தொடங்கிய இவை, பின்னர் கிற்றாரையும் மின்வாத்தியங்களையும் சேர்த்துக்கொண்டன. கோயில் திருவிழாக்களில் விடியுமட்டும் சௌந்தரராசன், சுசீலா, சீனிவாஸ் ஆகியோரின் பாடல்களை இசைத்தட்டில் உள்ளவாறே பாடுதல் இவற்றின் இலட்சியம். 'அசல் ரி.எம்.எஸ். குரல்' என்பதே பாடகர் ஒருவர் பெறத்தக்க உயர்ந்த பட்டம். இக்குழுக்களே நாம் முதலிற் கண்ட மேலைநாட்டு மீளிசைக் குழுக்களுக்கு எம்மிடையே மிக நெருங்கியன. காலத்தால் அவற்றுக்கு முந்தியனவுங்கூட.

இவர்களை நகர்ப்புறக் கலைவிமர்சகர் 'சினிமா மோகத்தின் இரைகள்' என எளிதில் தீர்த்துவிட்டனர். அத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. அவர்கள் போற்றிய சௌந்தரராசனே தம் முதற் படமான கிருஷ்ண விஜயத்தில் (1950), தியாகராச பாகவதரைப் பின்பற்றி, பாகவதரின் சிந்தாமணிப் பாடலொன்றை ஒட்டி அமைந்த பாடலைப் பாடித்தான் திரையுலகில் நுழைந்தார். மீளப் பாடுதல் எல்லாக் காலத்திலும் பாடகனின் பள்ளிக்கூடமாக இருந்துள்ளது. இசைக்கல்லூரியின் வாயிலைக் காணாத தோட்டத்து இளைஞனுக்கு அதுவே ஒரேயொரு பள்ளிக்கூடமாகவும் இருந்தது.

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை வளர்ந்ததையும் இங்கு நினைவுகூர்தல் வேண்டும். நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் முதலியோர் பைலா இசையின் துள்ளலைத் தமிழுக்குக் கொண்டுவந்தனர். பைலாவோ போர்த்துக்கேயர் காலத் தொடர்புகளாலும் ஆபிரிக்க வழிவந்தோரின் ஆட்டப்பாடல்களாலும் இந்நாட்டில் வேரூன்றியது. மனோகரனாற் புகழ்பெற்ற சுராங்கனிப் பாடல் 1977இல் அவர் எனக்கே சொந்தம் என்னும் தமிழகத் திரைப்படத்திலும் இடம்பெற்றது. தமிழகத்தைப் பார்த்துப் பாடிய நாட்டின் பாடலைத் தமிழகம் மீளப் பாடிற்று. எது மூலம், எது பிரதி என்ற கேள்வி இவ்விடத்திற் பொருளற்றுப் போகிறது.

5. ஒரே செயல், இரு பெயர்கள்

இனி, பல்கலைக்கழகம் சார்ந்த நாம் எம்மை நோக்கியே எழுப்பவேண்டிய வினாவொன்றுண்டு. 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபை மேடைக்குக் கொண்டுவந்தார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியன அம்முயற்சியின் பேறுகள். வட்டக்களரியில் விடியவிடிய ஆடப்பட்ட கூத்து, படச்சட்ட மேடைக்கேற்பச் சுருக்கிச் செம்மையாக்கப்பட்டது. இதனை நாம் 'மறுமலர்ச்சி' என்றோம், சரியாகவே சொன்னோம். ஈழத்து நாடக வரலாற்றில் அதன் இடம் மறுக்கொணாதது.

ஆனால் அதே ஆண்டுகளில், அதே மத்திய மலைநாட்டில், மஸ்கெலியாவின் இலயத்து முற்றங்களில் எவருடைய செம்மையாக்கமும் இன்றிக் காமன் கூத்து நிகழ்ந்துகொண்டிருந்தது. அதற்கு நாம் இட்ட பெயர் 'சடங்கு'. திருவிழா மேடையில் மெல்லிசைக் குழு நிகழ்த்தியதற்கு இட்ட பெயர் 'போலச்செய்தல்'. மூன்றும் செயலால் ஒன்றே: முன்னர் நிகழ்ந்த ஒன்றை, அதனை நேசிக்கும் ஒரு சபையின் முன், மீளவும் உயிர்ப்பித்தல். பெயர்கள் வேறுபட்டது கலையின் தன்மையினாலன்று; நிகழ்த்தியோரின் வர்க்க நிலையினாலேயே.

பெயரிடுதலின் விளைவுகள் அற்பமானவையல்ல. மறுமலர்ச்சி எனப்பட்டதற்கு நூலும் விழாவும் ஆய்வுப்பட்டமும் கிடைத்தன. சடங்கு எனப்பட்டதன் பாடல்களைத் திரட்டும் பொறுப்பு, பெரிதும், அம்மக்களிடையிருந்தே எழுந்த எழுத்தாளரின் தலையில் விழுந்தது. சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டிய நூல் 1983இற் சென்னையிலேயே வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். போலச்செய்தல் எனப்பட்டதற்கோ யாதொரு பதிவும் இல்லை. எந்தக் குழு எத்தோட்டத்திற் பாடியது, எவர் ஆர்மோனியம் வாசித்தார் என்பன அக்குழுவினரின் நினைவோடு மறைந்துகொண்டிருக்கின்றன.

6. இழப்பின் வரலாறு

மீள நிகழ்த்தலின் தோற்றுவாய் இழப்பே என முன்னர்க் கூறினோம். மஸ்கெலியா மக்கள் இழந்தவற்றின் பட்டியல் நீண்டது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசின் ஜீ.ஆர். மோத்தா பாராளுமன்றம் சென்றார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1949இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அவரைத் தெரிந்தோரிற் பெரும்பாலாரை வாக்கற்றோராக்கின. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. எஞ்சிய 1,50,000 பேரை இருநாடுகளும் சமமாக ஏற்க 1974இல் உடன்பட்டன. மக்களை எண்களாகப் பங்கிட்ட இவ்வொப்பந்தம் குடும்பங்களைப் பிரித்தது. ரதியாக ஆடியவர் ஒரு நாட்டிலும் மன்மதனாக ஆடியவர் மறு நாட்டிலும் எஞ்சிய குழுக்களும் இருந்திருக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று.

இதே காலத்தில் மஸ்கெலியா நகரமே இடம்பெயர்ந்தது. 1960களின் பிற்பகுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது பழைய நகர் நீருள் ஆழ்ந்தது. மேட்டு நிலத்தில் புதிய நகர் எழுந்தது. கடும் வரட்சியில் நீர்மட்டம் தாழும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளித்தோன்றுகின்றன. மக்கள் திரண்டு சென்று காண்கின்றனர். குடியுரிமையும் உறவும் ஊரும் ஒரே தலைமுறையிற் கைநழுவிய மக்களிடத்து, மாறாது திரும்பி வருகின்ற ஒரு கூத்தும், இசைத்தட்டில் உள்ளவாறே ஒலிக்கும் ஒரு பாடலும் எத்துணை உறுதியைத் தந்திருக்கும்! 'புதிதாக ஏன் படைக்கவில்லை' என வினவுவோர் இச்சூழலை மறந்துவிடுகின்றனர்.

7. எல்லைகள்

எனினும், மீள நிகழ்த்தலை முற்றாகப் போற்றிவிடுதலும் ஆய்வு நேர்மையாகாது. மூலத்தை மாறாது பேணும்போது, அதனுள் உறைந்த ஏற்றத்தாழ்வும் பேணப்படுகின்றது. காமன் கூத்துக்கு உயிர்நாடியான தப்பை முழக்கியோர் சாதிப்படிநிலையிற் கீழ் நிறுத்தப்பட்டனர்; அவர் கலையை வேண்டிய சமூகம் அவரைச் சமமாக இருத்தவில்லை. கொழுந்துக்கூடையைச் சுமந்து தோட்டப் பொருளாதாரத்தையே தாங்கிய பெண், கூத்தில் ரதியாகவும் ஆட இயலாதிருந்தாள். அவள் புலம்பலையும் ஆடவனே புலம்பினான். மெல்லிசைக் குழுக்கள் இசைத்த திரைப்பாடல்களும் தோட்டத்து வாழ்வைப் பற்றிப் பேசியது அரிது. தப்போசையை ஒலிபெருக்கி மூழ்கடித்த இரவுகளும் உண்டு.

ஆகவே, மதிப்பீட்டுக்குரிய அளவுகோல் 'இது மூலமா, பிரதியா' என்பதன்று. இம்மீட்பு எவருடைய இழப்பை நிரப்புகின்றது, எவரைப் பேச வைக்கின்றது, எவரை இன்னும் மௌனத்தில் வைத்திருக்கின்றது என்பனவே கேட்கப்பட வேண்டியவை. மீனாட்சியம்மாள் பழைய மெட்டைக் கையிலெடுத்தபோது, அதுவரை மேடையேறாத பெண்குரல் அம்மெட்டின்மீது ஏறிநின்று தொழிலாளர் உரிமையைப் பேசிற்று. மீள நிகழ்த்தலின் முற்போக்கான சாத்தியப்பாடு யாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

8. முடிவுரை

மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த 200ஆம் ஆண்டை நினைவுகூருமுகமாக, 2023 யூலை மாத இறுதியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபவனி புறப்பட்டது. முன்னோர் பசியிலும் நோயிலும் மடிந்துவிழுந்த அதே நெடுவழியை வழிவந்தோர் காலால் மீள அளந்தனர். ஆகஸ்ட் நடுப்பகுதியில் அது மாத்தளையை அடைந்தது. நிலவுரிமையும் சமத்துவமும் அதன் கோரிக்கைகள். எமது நோக்கில் அதுவும் ஒரு மீள நிகழ்த்தலே. முன்னோரின் நடையில் கோரிக்கை இருக்கவில்லை. வழிவந்தோரின் நடையில் இருந்தது. முன்னோரின் அடிச்சுவட்டிலேயே கால் வைத்தும் புதியதொரு பொருளை அதிற் பதிக்கலாம் என்பதை அந்நடைபவனி மெய்ப்பித்தது.

இதனின்று எமக்குரிய கடமை புலனாகின்றது. காமன் பாடல்களின் சொற்களை மட்டும் அச்சேற்றினாற் போதாது. ஒத்திகை எவ்வாறு நடந்தது, பிழையை எவர் திருத்தினார், தப்பை எவர் காய்ச்சினார், குழுவின் செலவை எவர் ஏற்றார் என்பனவும் பதிவாதல் வேண்டும். திருவிழா மேடைகளின் மெல்லிசைக் குழுக்களுக்கும் அதே மதிப்பளித்து, முதியோரின் குரல்கள் ஓயுமுன் அவற்றை ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். முதலிற் பாடியவரின் பெயரை வரலாறு ஏற்கெனவே எழுதிவைத்துள்ளது. நூறாம் முறை பாடியவரின் பெயரை எழுதும் பணி, அவர் உழைப்பில் விளைந்த தேயிலையை அருந்திப் பயின்ற எம்மையே சார்ந்தது.